ரிப்பனை ஒரே வரியில் தள்ளிவிடலாமா?

ஐயா,

ஆங்கிலேய அரசின் சார்பில் இந்தியாவை ஆண்ட வைசிராய்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவர்களில் ஒருவரான ரிப்பனை 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று சொன்ன அந்தக் காலத்து மக்களை அடிமைப் புத்திக்காரர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. நகராட்சியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

ரிப்பன் ஏழை பங்காளராகப் பிறந்தவர் அல்லர். தந்தை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது, 1827இல், டவுனிங் தெரு பத்தாம் எண் வீட்டிலேயே பிறந்த பிரபு. 1874இல் கத்தோலிக்கராக மாறியதால், பிரதமர் கிளாட்ஸ்டன் இவரை வைசிராயாக்கியபோது புராட்டஸ்டண்ட் நாடான இங்கிலாந்தில் பலர் முகம் சுளித்தார்கள். இந்திய மொழிப் பத்திரிகைகளின் கழுத்தை மட்டும் நெரித்த, முந்தைய வைசிராய் லிட்டனின் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை 1882இல் இவர் ரத்து செய்தார். அதே ஆண்டில்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரன் என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். தமிழ்ப் பத்திரிகையில் எழுதுபவராவது இதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, உள்ளாட்சி பற்றி ரிப்பனின் அரசு வெளியிட்ட 1882 மே 18ஆம் தேதித் தீர்மானம். உள்ளாட்சி மன்றங்களில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, இயன்ற இடங்களில் தலைவரும் அதிகாரியாக இருக்கக் கூடாது என்றது அது. நிர்வாகம் உடனே மேம்படும் என்று ஆசை காட்டவும் இல்லை. மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைப்பதே முதல் நோக்கம், தொடக்கத்தில் தவறுகள் நேரத்தான் செய்யும் என்று வெளிப்படையாகவே சொன்னது. எந்த அரசாங்கம் இப்படி எழுதித் தரும்?

தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் நகராட்சி ஓடிய காலத்தில் நான் கோப்பு தூக்கியிருக்கிறேன். ஆணையர் என்ற முறையில் குறிப்பு வைப்பவரும், தனி அலுவலர் என்ற முறையில் அதை 'அனுமதிக்கலாம்' என்று எழுதுபவரும் ஒருவரே. ஒரே பேனா, ஒரே மை, இரண்டு முத்திரைகள். கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் கிடையாது. 'கவுன்சிலர்கள் தொல்லை இல்லை, வேலை மளமளவென்று நடக்கிறது' என்பார்கள். ரிப்பனுக்குக் கீழே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் முணுமுணுத்ததும் ஏறக்குறைய இதேதான். அவர் பெயர் தாங்கிய சென்னை மாநகராட்சி மாளிகையிலேயே 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை.

குறை இல்லாதவர் என்று வாதிட வரவில்லை. வெள்ளையர்களை இந்திய நீதிபதிகளும் விசாரிக்க வழிசெய்த இல்பர்ட் மசோதாவில், கல்கத்தா வெள்ளையர்களின் கூச்சலுக்குப் பணிந்து பின்வாங்கினார். அன்று வரி கட்டும் வசதி உள்ளவர்களுக்குத்தான் வாக்கும் இருந்தது. இதையெல்லாம் கட்டுரையாளர் தாராளமாக எழுதட்டும். அதோடு அந்த மே மாதத் தீர்மானத்தையும் தமிழாக்கி அரைப்பக்கம் ஒதுக்கி வெளியிடுங்கள். வாசகர்கள் படித்துவிட்டு முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி எழுத்தர் ஒருவர்