பச்சையமற்ற பூச்செடிகள் மட்கை உண்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பச்சையமற்ற பூச்செடிகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கிரிக்கெட்டுக்கும் திரைப்படத்துக்கும் நடுவே தாவரவியலுக்கு அரைப்பக்கம் கிடைப்பது அரிது. எனினும், பச்சையம் இல்லாததால் தமக்கான உணவைத் தாமே ஆக்கிக்கொள்ள முடியாத மோனோட்ரோபா போன்ற செடிகள் அழுகிய இலைகளை உண்டு வாழ்கின்றன என்றும், மட்கிய உரம் நிரப்பிய தொட்டிகளில் அவற்றை வளர்த்துச் சென்னைப் பூங்காக்களில் மாணவர்களுக்குக் காட்டலாம் என்றும் எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டியது.

அழுகும் பொருளைத் தானே சிதைத்து உண்ணும் ஆற்றல் எந்தப் பூச்செடிக்கும் கிடையாது. அது பூஞ்சையின் வேலை. மோனோட்ரோபாவின் வேரைப் போர்த்தியிருக்கும் பூஞ்சை இழைகள் மண்ணுக்குள் பரவி, அருகிலுள்ள மரங்களின் வேர்களையும் பற்றியிருக்கின்றன. மரம் வெயிலில் சமைத்த சர்க்கரை, பூஞ்சையின் வழியாகவே இச்செடிக்கு வந்து சேருகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் எரிக் பியர்க்மன், ஊசியிலை மரங்களுக்குள், போகும் தடத்தைக் கண்டறிய உதவும் கதிரியக்கக் கரிமம் (கார்பன்) கொண்ட குளுக்கோஸைச் செலுத்தி, அக்கரிமம் அருகில் முளைத்திருந்த மோனோட்ரோபாவுக்கு வந்ததை 1960-இலேயே வெளியிட்டுவிட்டார். அதன் பிறகும் சில தேர்வுக் கையேடுகள் இதனை மட்குண்ணி என்றே மனப்பாடம் செய்யவைக்கின்றன.

இது புல்லுருவியைப் போன்றதுமன்று. நம் வீட்டு மாமரக் கிளையில் முடிச்சுப் போலப் புடைத்த இடத்திலிருந்து கிளம்பும் புல்லுருவி, மரத்துக்குள் உறிஞ்சுறுப்பைச் செலுத்தி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொண்டாலும், தடித்த பச்சை இலைகளால் தன் உணவைப் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்கிறது. மோனோட்ரோபாவோ மரத்தைத் தொடுவதே இல்லை. சுரண்டப்படுவது இடையிலுள்ள பூஞ்சை.

இவ்வகைச் செடிகள் அனைத்தும் உயிருள்ள மரத்தையே நம்பியிருக்கின்றன என்று கூறவும் முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் இலையின்றி வெளிறிய தண்டோடு எழுந்து, பூத்துக் காய்த்துச் சில நாட்களிலேயே மறைந்துவிடும் எபிபோகியம் என்னும் ஆர்க்கிட், மரக்கட்டையையும் சருகையும் மட்கச் செய்யும் பூஞ்சைகளை அண்டி வாழ்வது. சீனாவில் மருந்துக்காகப் பயிராகும் காஸ்ட்ரோடியா ஆர்க்கிடையும், ஆர்மில்லேரியா பூஞ்சை ஏறிய மரக்கட்டைகளோடு சேர்த்தே புதைத்து வளர்க்கிறார்கள். ஆனால் அங்கும் கட்டையைத் தின்பது பூஞ்சை, பூஞ்சையைத் தின்பது செடி. உரிய பூஞ்சை இல்லாத உரத்தொட்டியில் இவற்றுள் எதுவும் பிழைக்காது. மரத்தை நம்பிய வகைகளுக்கோ பூஞ்சையோடு மரமும் வேண்டும்.

மலையேற்றம் செல்லும் சென்னை வாசகர் யாரேனும் கட்டுரையை நம்பி இத்தகைய செடியொன்றை வேரோடு பெயர்த்து வந்தால், காணக்கிடைப்பது கறுத்து வாடிய தண்டு மட்டுமே. ஆகவே, தொட்டியில் வளர்க்கும் யோசனையைத் திரும்பப் பெற்று, அதே இணைப்பில் கட்டுரை வந்த அளவு எழுத்திலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மந்தைவெளி, சென்னை.