மீட்டரும் நம் சம்மதமும்

மதுரை

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். மின் பயன்பாட்டைத் தானே அளந்து கம்பியில்லாமல் மின் நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டாமென்று உங்கள் கலிஃபோர்னியாவில் எழுதிக் கொடுத்து, அதற்காக முதலில் 75 டாலரும் பிறகு மாதம் 10 டாலரும் கட்டியதாக நீ எழுதியிருந்தது இரண்டு நாளாக மனத்தை விட்டு அகலவில்லை. 2010இல் ஃபேர்ஃபாக்ஸ் போன்ற கலிஃபோர்னியச் சிற்றூர்கள் இந்த மீட்டருக்குத் தற்காலிகத் தடை விதித்ததும், 2012 பிப்ரவரியில் மின் சேவையை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையம் பழைய மீட்டரையே வைத்துக்கொள்ள வழிவிட்டதும் மக்கள் கூட்டங்களில் எழுந்து நின்று பேசியதால் கிடைத்த பலன்கள். ஆனால் மறுப்பதற்குக் கட்டணம் விதித்ததை என்னால் ஏற்க இயலவில்லை. வசதியற்றவர்களுக்கு அதைக் குறைத்தார்கள் என்றாலும், உரிமை என்று சொன்னபின் அதற்கு ரசீது எதற்கு?

கம்பியில்லா அலைகளைப் பற்றிய உன் அச்சத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை '2பி', அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்னும் வகையில் சேர்த்தது உண்மைதான். அதற்கு முதன்மையாக எடுத்துக்கொண்டது கைப்பேசியைக் காதோடு ஒட்டிப் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகளை. சுவரில் இருக்கும் மீட்டரோ சில கணங்களே அலை அனுப்பி ஓய்ந்துவிடும். நான் அஞ்சுவது அது அனுப்பும் செய்தியை. எந்நேரத்தில் மோட்டார் ஓடியது, எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடந்தது என்பதை அரை மணிக்கு ஒருமுறை பதிவாகும் கணக்கிலிருந்தே ஒருவர் ஊகித்துவிடலாம்.

இங்கே 2021இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி நாடு முழுவதும் 25 கோடி ப்ரீபெய்டு, அதாவது முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட வேண்டும். 2024இல் குஜராத்தின் வதோதராவில் மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். முன்பணம் கட்டும் மீட்டருக்கு ஒருவர் இசைந்தால் அவரிடம் காப்புத்தொகை கேட்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47(5) பிரிவு. 'இசைந்தால்' என்னும்போதே மறுக்கவும் இடமுண்டு என்பதுதானே பொருள்? எனக்கு அப்படித்தான் படுகிறது.

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் மின்கணக்கு எழுதும் வெள்ளை அட்டை இன்னும் தொங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேனாவால் எழுதப்பட்ட யூனிட் எண்கள், ஓரம் நைந்து, மஞ்சள் படிந்திருக்கின்றன. அம்மா ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு முந்தைய எண்ணைக் கழித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்துக் கொடுப்பாள். கணக்கெடுப்பு சில நாள் தள்ளிப்போனாலே 500 யூனிட்டைத் தாண்டிவிடக்கூடும். தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்கான மலிவு விலையில் ஒரு பகுதியும் பறிபோகும். புதிய மீட்டர் குறித்த நாளில் தானே கணக்கு அனுப்பிவிடும் என்பதால் அதை நான் வரவேற்கவும் செய்கிறேன். ஆனால் கட்டிய முன்பணம் தீர்ந்ததும் யாரும் வந்து சொல்லாமல் மின்சாரம் நின்றுவிடும் ஏற்பாட்டை, நாள்கூலி வாங்கும் வீட்டின்மீது அவர்களைக் கேளாமல் சுமத்தலாகாது. கட்டண உயர்வுக்குக் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியதைப் போல இதற்கும் ஊர் ஊராக நடத்தட்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஆணையம் 2012இல் பிறப்பித்த உத்தரவின் நகலும், வசதியற்றவர்களுக்குக் கட்டணம் குறைக்கப்பட்ட விவரமும் இருந்தால் அனுப்பி வை. மனுவோடு இணைக்க வேண்டும்.

அன்புடன்,
வேலு