உனக்கு இன்னும் கிறிஸ்துமஸ் வரவில்லை

இயேசு மரி சூசை

கிருஷ்ணகிரி
டிசம்பர் 27

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல். வழக்கமாக இதை எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை முடியவில்லை. 24-ஆம் தேதி ராத்திரிப் பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. எத்தியோப்பியாவில், உங்கள் ஊரில், அப்போது பதினொன்று. போன் அடித்தேன், எடுக்கவில்லை. தூங்கியிருப்பாள் என்றாள் அம்மா. காலையில் மறுபடி அடித்தேன். அங்கே ஜனவரியில்தானே பண்டிகை, இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும் என்றாள். நீ சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் இவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிடுகிறாயா? சவேரியார் திருநாளுக்கு அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. வெயில் என்று சொல்லாதே. நீங்கள் இருப்பது மலை, அங்கே குளிர் என்று நீதான் எழுதினாய்.

உங்கள் கன்னியர் சபை சிஸ்டர் ஒருவர் பெங்களூரிலிருந்து ஜனவரி 2-ஆம் தேதி கிளம்புகிறார்களாம். அவர்களிடம் இந்தக் கடிதத்தையும், காவேரிப்பட்டணம் நிப்பட்டு இரண்டு கிலோவும், அம்மா சுட்ட கச்சாயமும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஊர் ஜனங்கள் பண்டிகைக்கு முன்னால் 43 நாள் நோன்பு, கறி முட்டை பால் எதையும் தொட மாட்டார்கள் என்று சொன்னாய் அல்லவா? அதனால் கச்சாயத்தில் நெய் ஒரு சொட்டு சேர்க்க விடவில்லை, சுத்தமாக எண்ணெய்தான். நீ அவர்களோடு நோன்பு பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, சாப்பிடலாம். எல்லோருக்கும் கொடு, ஆனால் முதலில் நீ சாப்பிடு. உன் கையில் எது கொடுத்தாலும் பங்கு போட்டுவிட்டு வெறும் டப்பாவோடு நிற்பாய் என்று எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் குடில் வைத்தது சின்னவன் பையன். யூடியூபைப் பார்த்துத் தெர்மோகோலில் மலை, அருவி, உள்ளே லைட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புல் மட்டும் பிளாஸ்டிக் கூடாது என்று நான் ஒரே பிடிவாதம். பத்தாம் தேதியே தட்டில் மண் போட்டு ராகி விதைத்தேன், 24-ஆம் தேதி விரல் உயரம் வந்துவிட்டது. நீ சோற்றுப் பருக்கையால் ஒட்டிய சூசையப்பர் கை இன்னும் விழவில்லை.

ராகி உங்கள் பக்கத்து மலைகளிலிருந்து பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்ததாம். அங்கே தகுசா என்கிறார்கள் என்று நீ எழுதிய கடிதம் பீரோவில் இருக்கிறது. எத்தியோப்பியா போன முதல் வருஷம் பன்னிரண்டு பக்கம் எழுதினாய். இஞ்சேரா புளித்த தோசை மாதிரி இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டால் நம் வீட்டு அடுப்படி என்று எழுதினாய். ஜனவரி 7-ஆம் தேதிதான் அங்கே பிறப்புத் திருநாள், கிழவிகள்கூட வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு இருட்டிலேயே கோயிலுக்கு வருகிறார்கள், பையன்கள் வளைந்த கட்டையால் பந்தடிக்கிறார்கள், பாலன் பிறந்த செய்தி கேட்டு இடையர்கள் ஆடிய ஆட்டம் அது என்று சொல்கிறார்கள், காப்பியை மூன்று சுற்று குடிக்காமல் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்றெல்லாம் எழுதினாய். வருஷத்துக்கு 13 மாதம், நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் என்பதைப் படித்துவிட்டு, என் மகளுக்கு வயசு குறைந்துவிட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வந்தாள். அந்தக் கடிதத்தை நான் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்தில் மூன்று தடவை படித்துக்காட்டியிருக்கிறேன். நம் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போன சிஸ்டர் நீ ஒருத்திதானே.

அப்புறம் கடிதம் நான்கு பக்கமானது. பிறகு வாட்ஸப்பில் இரண்டு வரி. இப்போது பூப்படம் போட்டுக் காலை வணக்கம். அதை எனக்குப் பால்காரனும் அனுப்புகிறான்.

அக்டோபரில் பேசியபோது, வைக்கப் போகிற நேரத்தில், "அப்பா, என் ரூம்ல இப்ப யாரு படுக்கிறாங்க?" என்று கேட்டாய். "ராகி மூட்டை படுத்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். சிரித்தாய் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் இரண்டு வரி அடித்திருக்கிறேன். உற்றுப் பார்க்காதே.

பிரெஞ்சு சாமியார் கதை உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. 1966, எனக்கு ஒன்பது வயது. அப்போது நாம் சேலம் மறைமாவட்டம், தருமபுரி மறைமாவட்டம் வந்ததெல்லாம் 1997-இல்தானே. பாரிஸ் மிஷன் சாமியார்கள் இங்கே இருந்த கடைசிக் காலம், பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ராத்திரிப் பூசை முடிந்ததும் ஆயா கச்சாயத்தைத் தூக்கில் போட்டு என்னைச் சாமியார் வீட்டுக்கு அனுப்பினாள். ஊரே கறி வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறது, அவர் மட்டும் அரிக்கேன் விளக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் சின்னக் குடில். அதன் பக்கத்தில் ஒரே ஒரு கறுப்பு ஷூ, பாலிஷ் போட்டது. இன்னொன்று எங்கே சாமி என்று கேட்டேன். அவர்கள் தேசத்தில் பிள்ளைகள் கணப்புக்குப் பக்கத்தில் ஷூவை வைத்துவிட்டுத் தூங்குவார்களாம், விடிந்து பார்த்தால் அதில் பரிசு இருக்குமாம். தாடி நரைத்தவருக்கு யார் பரிசு வைப்பார்கள்? நான் ஒரு கச்சாயத்தை எடுத்து ஷூவுக்குள் போட்டேன். அவர் அதை எடுத்து, ஊதிவிட்டு, முழுதாகத் தின்றார். எண்ணெய் இறங்கி அந்த ஷூ என்ன ஆனதோ.

உன் பெயர்கொண்ட புனிதை சிறுமலர் தெரேசாவுக்கும் இப்படி ஒரு ஷூ கதை உண்டு, உனக்குத் தெரியும். 1886 கிறிஸ்துமஸ் ராத்திரி, பதின்மூன்று வயதுப் பெண் இன்னும் ஷூ வைத்துப் பரிசு எதிர்பார்க்கிறாளே என்ற அலுப்பில், நல்லவேளை இதோடு இது முடிந்தது என்று அப்பாக்காரர் சொல்லிவிட்டார். மாடிப்படியில் அவள் காதில் விழுந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்து, எதுவும் கேட்காதவள் மாதிரி அப்பா முன்னால் சிரித்தாள். பிறகு மடத்துக்குள் போய் வெளியே வராமலே செத்துப்போன அவளைத்தான், 1927-இல், சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளுக்கெல்லாம் பாதுகாவலி ஆக்கினார்கள். இதை எத்தனையோ தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் கேட்கும்போது எனக்கு ராகி மூட்டைதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு எழுதினால் எழுத மாட்டேன். உன் முதல் வார்த்தைப்பாட்டுக்கு, நீ சபையில் வாக்குக் கொடுத்த அந்த நாளுக்கு, நான் வராததற்குக் காரணம் மாங்காய் லோடு இல்லை. பேக்டரியில் மூன்று நாளாக லாரி வரிசை என்று எல்லோரிடமும் சொன்னேன். லோடு முந்தின நாளே இறங்கிவிட்டது. அம்மாவையும் சின்னவனையும் மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். ஆம்பூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினான். இறங்கினேன். திரும்ப ஏறவில்லை. பஸ் போன பிறகும் ஓட்டல் வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். பெண்ணைச் சபைக்குக் கொடுக்க மனசில்லை என்று ஊர் பேசியது, கோபம் என்று நீயும் நினைத்திருப்பாய். கோபம் இல்லை பாப்பா. உன் பெயரைக் கூப்பிடுவார்கள், நீ எழுந்து "இதோ வருகிறேன்" என்பாய். அதை என் காதால் கேட்டுவிட்டால் அப்புறம் நான் உன்னைக் கூப்பிட முடியாதே என்று தோன்றியது. அம்மா வருவதற்குள் அந்த வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். பதினைந்து வருஷமாக நீ கேட்கவே இல்லை. அதுவும் ஒரு குறைதான் எனக்கு.

உன் சபை, உன் ஆஸ்பத்திரி, உன் ஜனம். நான் எதுவும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, அவ்வளவுதான்.

ராகி மூட்டைகளைத் திண்ணைக்கு மாற்றிவிட்டேன். ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, எலி வளை இரண்டையும் சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. பேன் மட்டும் சத்தம் போடுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். யாருக்காக என்று அம்மா கேட்டாள். விருந்தாளி வந்தால் என்றேன்.

7-ஆம் தேதி காலை, விடிந்ததிலிருந்து மணி எண்ணும் உங்கள் கடிகாரத்தில் ஒரு மணிக்கு, அதாவது ஏழு மணி, நமக்கு ஒன்பதரை, போன் அடிப்பேன். எடு.

அப்பா

பின்குறிப்பு: கச்சாயம் வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பா சின்னம்மாவுடையது, பெயர் வெட்டியிருக்கிறது. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, ஞாபகமாகத் திருப்பித் தர வேண்டும். யார் வந்தாலும் கொடுத்தனுப்பு. நீயே எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி.