பெனரில் இடம் கிடைக்காதவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எம்.பி.பி.எஸ். இறுதிப் பரீட்சை முடிவு வந்த வாரமே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் சந்தியில் என் படத்தைப் போட்டு பெனர் கட்டிவிட்டார்கள். "கைக்குழந்தையோடு தன்னந்தனியாகப் போராடி வைத்தியரான எங்கள் மகள்" என்று எழுதியிருந்தது. மழையில் கம்பமேறிக் கட்டிய தம்பிமாருக்கு முதல் நன்றி. ஆனால் தம்பிமாரே, வைத்தியர் என்பது கொஞ்சம் அவசரம். ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடிந்தால்தான் மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடைக்கும். தன்னந்தனியாக என்பதோ சுத்தப் பொய். அதைத் திருத்தத்தான் இந்த மடல்.

மகனுக்கு ஒரு வயது நிறையும் முன்பே அவனுடைய அப்பா தவறிவிட்டார். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை.

இலங்கையில் பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவை எழுதியும் மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல்தான் நான் கல்யாணம் கட்டிக்கொண்டேன். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிய பிறகு, அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படியில் இருந்துகொண்டே, "அந்த மிச்சமிருக்கிற சோதனைய எழுதிரு புள்ள" என்றார். பெற்ற மகனைப் பறிகொடுத்தவர். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாதவர். மருமகளைப் படிக்க அனுப்புகிறாயே என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டவர்களுக்கு அவர் வாயால் பதில் சொன்னதே இல்லை. வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆயுசுக்கும் கொழுந்தெடுத்துச் சேர்ந்த அவருடைய ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் ஒரு பகுதிதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது என் போடிங் அறைக்கு, அதாவது வாடகை அறைக்கு, முற்பணமாகப் போனது. திருப்பித் தருகிறேன் என்றால், "வட்டியோட குடு" என்று சிரிப்பார். அத்தை, வட்டியோடே வரும்.

அம்மாவுக்கும் அதே அளவு கடன். பேரனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போன நாளெல்லாம் அம்மாவுக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆன பிறகும் அரைப் பேர் அரைப் பேர்தானே.

மகன் நடை பழகியது பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில். அங்கே அவனைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவின் கையிலிருந்து வாங்கும்போதெல்லாம் அவன் என்னிடம் வரமாட்டேன் என்று அழுவான். எனக்கு அதில் கோபமும் நிம்மதியும் சேர்ந்தே வரும். பிள்ளைக் காம்பரா எங்கள்மேல் இரக்கப்பட்டு வந்ததில்லை. தாய்மார் மலைக்குப் போனால்தான் கொழுந்து வரும், அதனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கொழுந்தெடுக்கிற தாய்க்குப் பிள்ளையை விட்டுப்போக ஓர் இடம் இருக்கிறது. புத்தகத்தோடு உட்காருகிற தாய்க்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நம் நாட்டில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது?

ஹட்டனில் உயிரியல் கற்பித்த சேருக்கு: பள்ளி மாணவியாக இல்லாமல் வெளிவாரியாக எழுத வந்த என்னிடம் ஒரு சதம் வாங்கவில்லை. பின்வரிசையில் பிள்ளை சிணுங்கினால் பாடத்தை நிறுத்திவிட்டு அவனுக்கு சோக்கட்டி கொடுப்பார். நுவரெலியா மாவட்டக் கோட்டாவில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் தேடி அலைகிற ஊரிலிருந்து வருகிறவர்களுக்காகத்தான் அந்தக் கோட்டா இருக்கிறது.

முதல் விரிவுரைகள் கொரோனாவால் சூமில் நடந்தன. சிக்னல் கிடைக்கும் ஸ்டோர் மேட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்ற தங்கச்சிக்கு நன்றி. பிறகு பேராதனை. உடற்கூற்றியல் கூடத்தில் எங்கள் முன் கிடந்தவர்களுக்கும், உடலைத் தானம் செய்த அவர்களுடைய குடும்பங்களுக்கும் கைகூப்புகிறேன்.

மாணவியர் விடுதியில் பிள்ளையோடு தங்க வழியில்லை. அறை தந்த சிங்கள ஆச்சிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, என் சிங்களமோ அப்போது கடையில் சாமான் வாங்கும் அளவுதான். "பிள்ளை இருக்கிறதா? அப்படியென்றால் வெந்நீருக்குத் தனியாகக் காசு வேண்டாம்" என்றார். எங்களுக்குள் ஒப்பந்தம் அவ்வளவே. 2022இல் கேஸ் இல்லாமல் போனபோது முற்றத்தில் விறகடுப்பு மூட்டி எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தார், அந்த மாதங்களில் வாடகையைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குக் கெஷுவல்டி இரவுகள், அதாவது அவசர நோயாளர்களைப் பார்க்கும் இரவுகள், வந்தால் மகன் அவருடைய கட்டிலில்தான் தூங்குவான். பள்ளி பகலோடு விட்டுவிடும், எனக்கு வார்டு முடியாது. கேட்டுக்கு முன்னால் குடையோடு நிற்பது அவர்தான். இப்போது மகன் என் சிங்களத்தைத் திருத்துகிறான். இந்த மடலையும் அவனே அவருக்குச் சிங்களத்தில் சொல்லப்போகிறான்.

என் பெட்ச் நண்பர்களே, உங்களைத் தனித்தனியாகச் சொன்னால் சண்டை வரும். பால்மா கியூவில் முறை வைத்து நின்றீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அவனைக் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குக் கூட்டிப்போய் எனக்கு இரண்டு மணிநேரம் வாங்கித் தந்தீர்கள். குப்பி, அதாவது நாங்களே கூடி ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, நடந்த இரவுகளில் அவன் பாயில் தூங்கிக்கொண்டே கேட்டிருக்கிறான் போலும், வகுப்பில் டீச்சர் தோளைக் காட்டிக் கேட்டதற்கு "ஸ்கெபுலா" (தோள்பட்டை எலும்பு) என்றானாம்.

அவனுக்கு டெங்கு வந்து வார்டில் கிடந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பீ.சீ.வி., பிளேட்லெட் என்று இரத்தப் பரிசோதனை எண்களைத் தேடி மணிக்கொரு தடவை சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வார்டு சிஸ்டர் வந்து அதைக் கையிலிருந்து வாங்கி, "இதை நாங்கள் பார்க்கிறோம், நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்" என்றார். ஐந்து வருடப் படிப்பில் யாரும் எனக்கு அப்படி ஓர் உத்தரவு போட்டதில்லை. மிக்க நன்றி சிஸ்டர்.

உதவி எதுவும் செய்யாமல் அறிவுரை மட்டும் தந்தவர்களுக்கும் நன்றி, சுருக்கமாக.

இனி, எனக்குப் பெயர் தெரியாத ஒருவர். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் நடத்துநர். அம்மா ஹட்டன் ஸ்டாண்டில் கொடுத்துவிடும் ரொட்டி, சம்பல், கீரைப் பார்சலை பேராதனைச் சந்தியில் இறக்கித் தருவார். நான் வார்டில் மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கும் கடையில் வைத்துவிட்டு அழைப்பார். கூலி கேட்டதில்லை. கொஞ்ச நாளாக அந்த பஸ்ஸில் வேறொருவர் வருகிறார், பழைய எண்ணும் வேலை செய்யவில்லை. இடது கையில் வேல் பச்சை குத்தியிருப்பார், எல்லோரையும் "மச்சான்" என்றே கூப்பிடுவார், என்னை மட்டும் "டாக்டரம்மா" என்பார், அதுவும் முதலாம் வருடத்திலேயே. தெரிந்தவர்கள் இருந்தால் இதை அவரிடம் காட்டி, எங்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட வரவேண்டும் என்று சொல்லுங்கள். அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.