ஸ்காலர்ஷிப் பணத்த மாசாமாசம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு அரசு கலைக்கல்லூரி பக்கத்துல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஸ்காலர்ஷிப் போடுற பசங்க முக்கால்வாசி பேர் நம்ம கடைக்குத்தான் வருவாங்க. அரசு குடுக்குற பணத்துல பசங்க போன் வாங்குறாங்க, ஊர் சுத்துறாங்கன்னு பேசுறவங்க ஜாஸ்தியா இருக்காங்க, அதான் எழுதுறேன்.

அரசு காலேஜ்ல பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற பையனுக்கு பீஸ் பெரிய சுமை இல்ல சார். ரூம் வாடகை, மெஸ், ஊருக்குப் போக பஸ், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், இதுலதான் வீட்டுக்காரங்க முழி பிதுங்குது. பத்தாவதுக்கு மேல படிக்கிற எஸ்.சி. பசங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்ல இதுக்குன்னே ஒரு தொகை இருக்கு, ஆனா எவ்ளோன்னு பாருங்க. சாதாரண டிகிரிக்கு ஹாஸ்டல்ல இருந்தா வருஷத்துக்கு 6,000, டே ஸ்காலர்னா, அதாவது ஹாஸ்டல்ல இல்லாதவங்கன்னா, 3,000. டே ஸ்காலருக்கு மாசத்துக்கு 250 ரூபாதான் வருது. ஹாஸ்டல்ல சீட் கெடைக்காம நாலு பேரு சேந்து ரூம் எடுத்து தங்குற பையனும் பெரும்பாலும் டே ஸ்காலர் கணக்குலதான் வர்றான், இந்த 250 ரூபாய வச்சு அவன் என்னத்த சாப்பிடுறது சொல்லுங்க.

சரி கொறச்சலா இருந்தாலும் பரவால்ல, நேரத்துக்கு வந்தாலாவது ஆகும். ஜூன், ஜூலைல காலேஜ் தொறந்ததுமே மெஸ்ஸுக்கு அட்வான்ஸ் கேப்பாங்க, ஸ்காலர்ஷிப்ப வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா போடுறாங்க, அது வர்றப்ப பாதி வருஷம் ஓடிடுது, சில பேருக்கு பரீட்சையே முடிஞ்சிடுது. அதுக்குள்ள அம்மா மகளிர் குழுவுல லோன் எடுத்திருப்பாங்க, இல்லன்னா தோடு அடகுக்குப் போயிருக்கும். பணம் ஏறுன அன்னிக்கே வட்டிக்குப் போயிடுது. அதப் பாத்துட்டு படிப்புக்கு குடுத்தத வீட்டுக்கு செலவு பண்ணிட்டான்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? ஒன்னு ரெண்டு பேர் போன் வாங்குறாங்கதான், இல்லன்னு சொல்லல, ஆனா நோட்ஸ்லருந்து சர்க்குலர் வரைக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புனா போன் இல்லாம எப்படிப் படிக்கிறது.

பிரைவேட் காலேஜ் பசங்க கத வேற. இந்த ஸ்காலர்ஷிப்ல 2021-22லருந்து மத்திய அரசோட பங்கு 60 சதவீதம் நேரா மாணவர் அக்கவுண்டுக்கே வருது. காலேஜுக்குக் கட்ட வேண்டிய பீஸும் சாப்பாட்டுப் பணமும் அதுல ஒன்னா சேந்து நிக்கும், மெசேஜ்ல மொத்த தொகை மட்டுந்தான் இருக்கும், எது எதுக்குன்னு பிரிச்சு சொல்லாது. படிக்காத அப்பாவுக்கு அது எப்படித் தெரியும், எடுத்து கடன அடைச்சிடுவாரு, அப்புறம் பீஸ் கட்டலன்னு காலேஜ்ல ஹால் டிக்கெட்ட புடிச்சு வச்சுக்குவாங்க.

புதுமைப் பெண் திட்டத்துல பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா வருது, 2022லருந்து நடக்குது, ஆம்பளப் பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு 2024ல கொண்டுவந்தாங்க. பெரிய தொகை இல்லதான், ஆனா மாசாமாசம் வர்றதால அந்தப் புள்ளைங்க பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் அத நம்பி பட்ஜெட் போடுதுங்க, என் கடையிலயே உக்காந்து கணக்கு போடுறதப் பாத்துருக்கேன். அதே மாதிரி போஸ்ட் மெட்ரிக்லயும் சாப்பாட்டுப் பணத்த பீஸ்லருந்து பிரிச்சு, காலேஜ் தொறக்குற மாசத்துலருந்து மாசத்தவணையா போட்டா என்ன கொறஞ்சிடும்?

இன்னொன்னு, இது பெத்தவங்களுக்கு. புது சிம் வாங்குறப்ப ஆதார வச்சு செல்போன் கம்பெனியோட பேமெண்ட்ஸ் பேங்க்ல ஒரு அக்கவுண்டும் சில எடத்துல தொறந்து விட்டுடுறாங்க. ஆதார் கடைசியா எந்த பேங்க்ல லிங்க் ஆச்சோ அங்கதான் அரசுப் பணம் போகும். பசங்க பழைய பாஸ்புக்க என்ட்ரி போட்டுப் போட்டு பணமே வரலன்னு அழுவாங்க, பாத்தா அது எப்பவோ வந்து அந்த சிம் அக்கவுண்ட்ல கெடக்கும். அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே ஆதார் எந்த பேங்க்ல இருக்குன்னு பாத்து, தேவைன்னா மாத்திக்கோங்க.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் வச்சிருக்கும் ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்