கை பட்டாலே ரீபூட் ஆகும் ரவுட்டர்: புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ரவுட்டர் அடிக்கடி ரீபூட் ஆவதும், தவறான காரணம் சொல்லப்பட்டதும்.

ஐயா,

உங்களிடம் வாங்கிய ரவுட்டர் 2 மாதமாக வாரத்தில் மூன்று நாலு நாள் தானாக ரீபூட் ஆகிவந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன்; சாயங்கால மீட்டிங் நடுவில் லைன் போய்விடும். மூன்று தடவை போன் செய்தேன். "உங்க ஊர்ல மழை, கரண்ட் நிலையா இருக்காது, யுபிஎஸ் வாங்குங்க" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில்.

இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. ரப்பர் மரக் கிளை விழுந்து கரண்ட் போவதும் உண்டு. அதனால் நம்பி 3,200 ரூபாய்க்கு யுபிஎஸ் வாங்கினேன். ரீபூட் நிற்கவில்லை.

சரி, நடந்ததையெல்லாம் ரவுட்டர் குறித்து வைக்கும் லாகைப் பார்க்கலாம் என்றால், உங்கள் பெட்டி அதை ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைக்கிறது. ரீபூட் ஆனதும் அழிந்துவிடும். லாகை எழுதும் ஜர்னல்டி நிரலின் அமைப்பில் ஸ்டோரேஜை பெர்சிஸ்டன்ட் (அழியாமல் சேமி) என்று மாற்றி, அடுத்த ரீபூட்டுக்குப் பின், லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் அந்த ரீபூட்டுக்கு முந்தைய லாகைப் படித்தேன். கரண்ட் போயிருந்தால் லாக் பாதி வழியில் அறுந்திருக்கும். இதில் சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) ஒவ்வொன்றாக ஒழுங்காக நின்றிருந்தன. அதற்கு மேலேயே "பவர் கீ பிரஸ்டு" (பவர் பட்டன் அழுத்தப்பட்டது) என்று ஒரு வரி. நேரம் 6.32.

அது அம்மா விளக்கேற்றும் நேரம். தீப்பெட்டி ரவுட்டர் பக்கத்தில்தான் இருக்கும். எடுக்கும்போது பெட்டியின் மேலிருக்கும் பட்டனில் கை படுகிறது, அவ்வளவுதான். பவர் பட்டனைக் கவனிக்கும் லாகின்டி நிரலின் அமைப்பில் ஹேண்டில்பவர்கீ (பட்டனை அழுத்தினால் என்ன செய்வது) என்பதற்கு நேரே 'ரீபூட்' என்று போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதை 'இக்னோர்' (கண்டுகொள்ளாதே) என்று மாற்றினேன். 19 நாளாக ஒரு ரீபூட்கூட இல்லை. பட்டனை அழுத்திப் பிடித்தால் பெட்டி அணைகிறது, அது போதும்.

எழுபது வயது அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தொட்டாலே விழித்துக்கொள்கிற பட்டனை மேல்பக்கம் வைத்து, அதற்கு ரீபூட் வேலையும் கொடுத்தது உங்கள் நிறுவனம். லாகை ஒரு தடவை கேட்டிருந்தால் உங்கள் ஆட்களுக்கே தெரிந்திருக்கும்.

எனவே யுபிஎஸ் விலையைத் திருப்பித் தாருங்கள். அடுத்த அப்டேட்டில் அந்த அமைப்பை எல்லோருக்கும் இக்னோர் ஆக்குங்கள், நான் செய்த மாற்றத்தையும் அது அழிக்கக் கூடாது. லாகை டிஸ்க்கில் வைக்கும் வழியைக் கையேட்டில் சேருங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்த லாக் பதிவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்