எடுக்காத பிள்ளைகளுக்கும் பதில் போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த வருஷம் இன்டர்ன்ஷிப்புக்குக் கல்லூரிப் பிள்ளைகளை நேர்காணல் செய்து எடுப்பது நீதான் என்று அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. அப்பா அன்றைக்குப் பூராவும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமைதான். நீயே சொல்லியிருக்கலாம், பரவாயில்லை. நானும் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள்தானே, சிலது எழுதுகிறேன்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேள். 'பேசிப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும்' என்று யார் சொன்னாலும் நம்பாதே. 2013இல் வந்த ஓர் ஆய்வு. மாணவர்களோடு பேசிவிட்டு, அடுத்த பருவத்தில் என்ன மதிப்பெண் எடுப்பார்கள் என்று கணிக்க வேண்டும். அதில் சில மாணவர்களைக் கேள்வியைப் பற்றிக் கவலைப்படாமல் ஏதோ ஒரு கணக்கில் ஆம், இல்லை என்று சொல்ல வைத்தார்கள். கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. ஆளைப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். கடைசியில், பேசிப் பார்த்துக் கணித்ததைவிடப் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்ததே மேலாக இருந்தது. அதனால் ஒருவர் எழுந்து போனதும், கூட இருப்பவரிடம் பேசும் முன்னால், உன் மதிப்பெண்ணை எழுதிவிடு.

அனுபவம் உண்டா என்று கேட்காதே, அதைத் தேடித்தானே வருகிறார்கள். செய்த ப்ராஜெக்டைக் கேள்: இதில் உன் பங்கு எது, எங்கே சிக்கியது, பிறகு என்ன செய்தாய்? மனப்பாடம் செய்து வந்த பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். கையால் செய்த பிள்ளை, அதுவரை திக்கித் திணறியிருந்தாலும், அங்கேதான் பேச ஆரம்பிக்கும். செய்முறைத் தேர்வு வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியட்டும். கம்பெனி வேலையைத் தேர்வு என்ற பேரில் சும்மா வாங்கிக்கொள்ளாதே. யார் கூட இருந்து கற்றுக்கொடுப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய். சில வாரங்கள்தான் இருப்பார்கள்.

எல்லாவற்றையும் விட, எடுக்காத பிள்ளைகளுக்கும் பதில் போடு. இரண்டு வரி போதும். இல்லை என்று வந்தால் அழுதுவிட்டு அடுத்த இடத்துக்கு விண்ணப்பிப்பார்கள். ஒன்றுமே வராவிட்டால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னிடம் என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். உன் மூன்றாம் வருஷத்து மே மாதத்தை நான் மறக்கவில்லை. நீ விண்ணப்பித்த கம்பெனிக்காரர்கள் கடைசிவரை எழுதவே இல்லை.

நீ அப்படி விடுகிறவள் இல்லை என்று தெரியும். ஆனாலும் இப்போதெல்லாம் நீயும் 'பிஸி, அப்புறம் பேசுகிறேன்' என்கிறாய். வேலை அதிகம் என்பதை ஒரு காரணமாக அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, பாப்பா. பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதில் போனதும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டிக் போடு. பதில் போடு என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன், கோபிக்காதே.

போன மாதம் அப்பா கேட்டதற்கு நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பதிலாக இருந்தாலும் அவர் தாங்கிக்கொள்வார். நானும்தான்.

கடைசி நேர்காணல் முடிந்த ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடு. அப்பாவுக்கும் அதற்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா